இரண்டு வரியும் ஒரு புது வசதியும்

திறந்த மூல மென்பொருளுக்கு ஒரு திருத்தம் வந்தால், அதில் ஆபத்து எவ்வளவு என்று பார்ப்பவர் கண் முதலில் வரிக்கணக்கில்தான் போய் நிற்கும். அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு, இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் நேர்ந்த இரண்டு விபத்துகள் போதும்.

முதலாவது 2006-இல், டெபியன் லினக்ஸில். மதிப்பு நிரப்பாத நினைவகத்தை நிரல் படிக்கிறது என்று வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி ஓயாமல் எச்சரித்தது. டெபியனில் ஓபன்எஸ்எஸ்எல்லைப் பராமரித்தவர் ஓபன்எஸ்எஸ்எல் தரப்பிடம் கேட்டுக்கொண்டுதான் இரண்டு வரிகளை எடுத்தார். எச்சரிக்கை நின்றது. அதில் ஒரு வரிதான் மறையாக்கச் சாவிகளுக்கு வேண்டிய தற்செயல் எண்களைக் கலந்துகொண்டிருந்தது என்பது 2008 மே 13 அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது. அது போனபின் சாவிக்குச் சாவி எஞ்சிய ஒரே மாறுபாடு, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் புராசஸ் எண். அது அதிகபட்சம் 32,768.

இரண்டாவது ஹார்ட்பிளீட். இங்கே எதையும் நீக்கவில்லை. 2011-இன் கடைசி நாளில் ஒரு புது வசதியைச் சேர்த்தார்கள். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு முனை சிறு செய்தி அனுப்பும், மறுமுனை அதையே திருப்பித் தரும். செய்தியின் நீளத்தையும் அனுப்புபவரே சொல்வார். அது உண்மையா என்று நிரல் பார்க்கவில்லை. ஓரெழுத்தை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்றால், சர்வர் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையும் அள்ளிக் கொடுத்துவிடும். அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், ரகசியச் சாவியும் இருக்கலாம். 2014 ஏப்ரல் 7 வரை இதுவும் வெளியே தெரியவில்லை.

இரண்டுமே இன்னொருவர் பார்வைக்குப் போய் வந்தவை. இரண்டிலும் வழக்கமான சோதனை எதுவும் தோற்காது: பலவீனமான சாவியும் பூட்டைத் திறக்கும், ஒழுங்கான செய்திக்கு ஒழுங்கான பதிலே வரும். டெபியன் திருத்தம்தான் கூடுதல் ஏமாற்றுக்காரன் என்பேன். முன்பு கத்திய கருவி அமைதியானதால், கெட்டது சரியானதுபோலத் தெரிந்தது. ஹார்ட்பிளீடிலோ நிரலைப் படிக்காமலேயே கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. சாதாரண இணையச் சர்வருக்கு அவ்வளவாகத் தேவைப்படாத வசதி, எல்லோருக்கும் இயல்பாகவே ஏன் இயங்கும் நிலையில் போனது?

பின்விளைவில் இரண்டும் பிரிகின்றன. டெபியனில் புதுப் பதிப்பை நிறுவினால் மட்டும் போதவில்லை. பழைய சாவிகளை எங்கே கொண்டுபோயிருந்தாலும் தேடி மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் சாத்தியமான சாவிகள் மிகக் குறைவு என்பதாலேயே அவற்றைப் பட்டியலிட்டு, சர்வரே மறுக்கும்படி செய்ய முடிந்தது. ஹார்ட்பிளீடில் அப்படியொரு பட்டியலுக்கு வழியில்லை. திருட்டு நடந்தாலும் சர்வரின் வழக்கமான பதிவேட்டில் தடயம் விழாது. யாரிடம் என்ன போனது என்று தெரியாமலேயே சான்றிதழ்களை மொத்தமாக மாற்றினார்கள்.