மருந்துப் பெட்டியோடு குதித்தவர்

1951 மார்ச் 23. கொரியாவில் முன்சான்-னி என்ற இடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் வானத்திலிருந்து இறங்கினார்கள். அவர்களோடு பன்னிரண்டு இந்தியர்களும் குதித்தார்கள். அடிபட்டு விழுந்தவர்களுக்கு அங்கேயே சிகிச்சை தருவது இவர்கள் பொறுப்பு. தலைமை ஏற்றவர் லெப்டினென்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் என்ற தமிழ் மருத்துவர்.

அது அவருக்குப் புதிதல்ல. 1941-இல் இந்திய ராணுவத்தில் பாராசூட் படை உருவானபோது, 152ஆவது பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாக இருந்தவர் அவர். ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் அவரும்தான் பாராசூட்டில் குதித்த முதல் இந்திய வீரர்கள்.

கொரியப் போருக்கு இந்தியா சண்டைப் படையை அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1950 நவம்பரில் அது கொரியா சேர்ந்த சில நாட்களிலேயே சீனப் படை பாய்ந்துவர, பியோங்யாங்கைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தது. கருவிகளை ஏற்றிச் செல்ல வண்டி இல்லை. கருவிகளை விட்டுவிட்டு வர ரங்கராஜுக்கு மனமில்லை. அவை இல்லாமல் அறுவை சிகிச்சை ஏது? கைவிடப்பட்ட ஒரு நீராவி ரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்தார்கள்.  வீரர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அதன் பாய்லரை நிரப்பினார்கள். ரயிலோட்டத் தெரிந்தவர்கள் பிரிவிலேயே இருந்தார்கள். ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுவதற்கு முன்பே மருத்துவமனை முழுவதும் தெற்கே வந்து சேர்ந்தது.

ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியை வழிநடத்தினார். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இடம்பெற்றிருக்க வேண்டிய வாழ்க்கை இது.

இன்றும் இந்திய ராணுவத்தின் பாராசூட் பிரிவுக்குத் தாமாக முன்வருபவர்களைத்தான் எடுக்கிறார்கள். கடுமையான தகுதிகாண் பயிற்சியில் தேறிய பின் ஆக்ராவில் ஐந்து முறை குதிக்க வேண்டும்; அதில் ஒன்று இரவில். அதன் பிறகே சிறகுச் சின்னம். மருத்துவர், மருத்துவ உதவியாளர் என்று யாருக்கும் இதில் சலுகை கிடையாது.

அதே 60ஆவது பிரிவு 2023 பிப்ரவரியில் நிலநடுக்கத்தால் சிதைந்த துருக்கிக்குப் போனது. இஸ்கெண்டெருன் நகரில் மருத்துவமனை அமைத்து, அங்குள்ள மக்களுக்குச் சிகிச்சை அளித்தது.