அசலைத் திருப்பிக் கேட்காத கடன்: அவத் அரசரும் கர்பலாவுக்குப் போன பணமும்

இன்னிக்குக் கதை ஒரு கடன் ஒப்பந்தத்துல ஆரம்பிக்குது. வருஷம் 1825. கடன் கொடுக்கிறவர் லக்னோவில் இருந்து ஆண்ட அவத் அரசர் காஜிவுதீன் ஹைதர். வாங்குறது கிழக்கிந்தியக் கம்பெனி. தொகை ஒரு கோடி ரூபாய், வட்டி வருஷத்துக்கு 5 சதவீதம். அசல்? அதைக் கம்பெனி எப்பவுமே திருப்பித் தர வேண்டாம். அரசரோ அவருக்கு அப்புறம் வர்றவங்களோ கேட்கவும் கூடாது. நிரந்தரக் கடன்.

கம்பெனிக்கு இது ஏன் தேவைப்பட்டதுன்னு புரியுது. பர்மாவோட முதல் போர் நடந்துக்கிட்டிருந்த நேரம், பணம் தண்ணியா ஓடுது. அரசருக்கு என்ன லாபம்? பதில் வட்டியில இருக்கு. வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய். அது யார் யாருக்கு மாசாமாசம் போகணும்னு ஒப்பந்தத்துலயே பேர் போட்டு எழுதியிருந்தாங்க. அரண்மனைப் பெண்கள் நாலு பேர், அப்புறம் பணியாளர்கள், சார்ந்திருந்தவங்க. உதாரணமா முபாரக் மஹலுக்கு மாசம் 10,000 ரூபாய், சுல்தான் மரியம் பேகத்துக்கு 2,500. அடுத்து யார் அரியணை ஏறினாலும் இந்தப் பணத்துல கை வைக்க முடியாது. கம்பெனிதான் உத்தரவாதம்.

இதுவரைக்கும் இது ஒரு குடும்ப பென்ஷன் திட்டம் மாதிரிதான் இருக்கு. இது மார்க்க அறக்கட்டளையா மாறுறது அடுத்த ஷரத்துல. பென்ஷன் வாங்குற பெண் இறந்துட்டா, அவங்க தொகையில மூணுல ஒரு பங்கை உயில் மூலமா விரும்பினவங்களுக்கு எழுதி வைக்கலாம். முஸ்லிம் சட்டத்துல உயில் எழுதுறதுக்கு இருக்கிற வரம்பும் இதே மூணுல ஒண்ணுதான். மீதி ரெண்டு பங்கு ஈராக்கில் இருக்கும் நஜஃப், கர்பலா ஆகிய ரெண்டு புனித நகரங்களுக்குப் பாதிப் பாதியாப் போகணும். உயில் எழுதலைன்னா மொத்தமும் அங்கேதான். அங்கே இருக்கிற முஜ்தஹித்கள், அதாவது ஷியா மார்க்கச் சட்ட அறிஞர்கள், அதை வாங்கித் தகுதியானவங்களுக்குப் பகிர்ந்து தரணும்.

ஏன் நஜஃப்? அவத் அரச குடும்பம் ஷியா பிரிவைச் சேர்ந்தது. இமாம் அலி அடக்கமான ஊர் நஜஃப், இமாம் ஹுசைன் அடக்கமான ஊர் கர்பலா. காஜிவுதீன் ஹைதர் லக்னோவில் கட்டின இமாம்பாராவுக்குப் பேரே ஷாநஜஃப். 1827ல் இறந்த அவர் அதுக்குள்ளதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கார்.

இப்போ நான் இந்த எபிசோட் பண்ணுறதுக்குக் காரணமான கேள்விக்கு வர்றேன். இந்த ஒப்பந்தத்தை முதல் தடவை படிச்சப்போ, வேலையில ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட் படிக்கிற பழக்கத்துல ஒரு ஓட்டை கண்ணுல பட்டது. எவ்வளவு, யாருக்கு, எப்போ எல்லாம் இருக்கு. ஆனா முஜ்தஹித்னா எந்த முஜ்தஹித்? நஜஃப்ல ஒருத்தரா இருந்தாங்க? அரசாங்கம் நியமிக்கிற பதவியும் இல்லை அது. படிப்பாலயும் மக்கள் மதிப்பாலயும் வர்ற இடம். அவரை யார் தேர்ந்தெடுக்கணும்னு ஒப்பந்தம் சொல்லலை.

சாதாரண வக்ஃப்ல இந்தச் சிக்கலுக்கு வழி உண்டு. சொத்தை எழுதி வைக்கிறவரே ஒரு முத்தவல்லியை நியமிப்பார். அவர் தப்புப் பண்ணினா காஜியிடமோ கோர்ட்டிலோ முறையிடலாம். இங்கே நிலம், கட்டடம்னு எதுவும் கிடையாது. இருக்கிறது கம்பெனி தர வேண்டிய வட்டி மட்டும்தான். பணத்தை வக்ஃப் பண்ணலாமாங்கிறதே மார்க்கச் சட்டத்துல பெரிய விவாதம். அதைவிட முக்கியம், இந்தப் பத்திரம் ரெண்டு அரசுகள் போட்டுக்கிட்ட உடன்படிக்கை. அப்படிப்பட்ட விவகாரத்துல உள்ளூர் கோர்ட் தலையிட முடியாதுங்கிறதுதான் அன்றைய சட்டம். நம்ம தஞ்சாவூர் கதையே இதுக்கு சாட்சி. 1855ல் கடைசி ராஜா சிவாஜி இறந்ததும் கம்பெனி சொத்தை எடுத்துக்கிச்சு. ராணி காமாட்சி பாய் சென்னையில வழக்குப் போட்டு ஜெயிச்சாங்க. ஆனா 1859ல் லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், கோர்ட் விசாரிக்க முடியாதுன்னு அதை மாத்திடுச்சு.

ஆக, கடன் வாங்கினவர், உத்தரவாதம் கொடுத்தவர், பணம் பட்டுவாடா பண்ணுறவர் மூணுமே ஒரே ஆள். கேள்வி கேட்க ஆள் இல்லை.

பணம் முதன்முதலா ஈராக் போனது 1850ல். 1856ல் பிரிட்டிஷார் அவத் ராஜ்ஜியத்தையே பிடுங்கிட்டாங்க. ஆச்சரியம் என்னன்னா, பணம் மட்டும் நிக்கலை. 1857 கலகம் முடிஞ்சு கம்பெனி ஆட்சியே போன பிறகும் போய்க்கிட்டிருந்தது. 1850லேர்ந்து 1903 வரைக்கும் 60 லட்சம் ரூபாய்க்கு மேல. அந்த நேர்மையை நாம ஒத்துக்கணும்.

ஆனா முன்னாடி பார்த்த ஓட்டை வழியா வேற ஒண்ணு உள்ளே வந்துச்சு. ஆரம்பத்துல நகரத்துக்கு ஒருத்தர்னு ரெண்டு முஜ்தஹித் பணத்தைப் பகிர்ந்தாங்க. நஜஃப்ல அது அன்றைக்கு ஷியா உலகத்திலேயே மிகப் பெரிய அறிஞரான முர்தஸா அன்சாரி. 1860 வாக்குல அவர், இந்தப் பணமே வேண்டாம்னு விலகிட்டார். அவர் இடத்துக்கு வேற ஆள் வேணும். தேடுறது யார்? பாக்தாத்ல இருந்த பிரிட்டிஷ் அதிகாரி. அரசர் எழுதாம விட்ட வரியை அவங்க நிரப்ப ஆரம்பிச்சாங்க. 1903ல் முறையையே மாத்தி, நகரத்துக்குப் பத்துப் பேர்னு மொத்தம் இருபது பேருக்குப் பிரிச்சாங்க. அந்தக் காலத்துல டெஹ்ரானில் பிரிட்டிஷ் தூதரா இருந்த ஆர்தர் ஹார்டிங், ஈரான் அரசியல்ல செல்வாக்குள்ள முஜ்தஹித்களைத் தங்கள் பக்கம் இழுக்க இந்தப் பணத்தைப் பயன்படுத்தப் பார்த்தார். பெருசா பலிக்கலை. அந்நியர் கையால பணம் வாங்கினார்னு பேர் வந்தா ஒரு அறிஞரோட மதிப்பே போயிடும். அன்சாரி முன்னாடியே போட்ட கணக்கும் அதுவாத்தான் இருக்கணும்னு எனக்குத் தோணுது.

இதே குடும்பத்துல இன்னொரு அரசர் முகமது அலி ஷா. 1839ல் லக்னோ ஹுசைனாபாத் இமாம்பாராவுக்காக அவரும் கம்பெனிகிட்டதான் பணம் போட்டு வெச்சார். அதுக்கு 1878ல் தனிச் சட்டமே வந்துச்சு. இன்னிக்கும் அந்த டிரஸ்ட்டுக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். அங்கேயும் பணம் தப்பிச்சது, நிர்வாகம் அரசு கைக்குப் போச்சு.

லக்னோவில் வஸீகா ஆபீஸ்னு ஒண்ணு இன்னிக்கும் இருக்கு. அவத் குடும்பம் போட்டு வெச்ச பணத்தோட வட்டியிலேர்ந்து வாரிசுகளுக்கு பென்ஷன் தர்ற இடம். தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிஞ்சு, பலருக்கு இப்போ சில ரூபாய்தான் வருது. பஸ் செலவுக்குக் காணாதுன்னு தெரிஞ்சும் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க. பட்டியல்ல பேர் இருக்கணும், அவ்வளவுதான்.

உங்க ஊர்ல பள்ளிவாசல், தர்கா, கோயில், சர்ச் எதுக்காவது யாராவது எழுதி வெச்ச பழைய பத்திரம் இருந்தா ஒரு தடவை எடுத்துப் பாருங்க. எவ்வளவு சொத்துன்னு பார்க்குறதுக்கு முன்னாடி, யார் முடிவெடுக்கணும்னு எழுதியிருக்காங்களான்னு தேடுங்க. கிடைச்சதை எனக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.