ஈயமும் நண்டுக் கொடுக்கும்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனை நகருக்கும் சாய்ந்தமருதுக்கும் நடுவே கடலையொட்டிக் கிடக்கும் கல்முனைக்குடியின் அன்றாட வாழ்வில் ஈயம் பெயர் தெரிந்தும் தெரியாமலும் நெடுங்காலம் புழங்கிவந்திருக்கிறது. கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றி ஆக்கும் கந்தூரிச் சோற்றுக்கு முற்காலத்தில் செப்புக் கிடாரமே ஏற்ற பாத்திரமாக இருந்தது. ஆனால் புளிப்பு பட்டால் செம்பில் களிம்பு ஏறும் என்பதால் அதன் உட்புறத்துக்கு அவ்வப்போது ஈயம் பூச வேண்டியிருந்தது. பூசுபவர் கிடாரத்தைத் தணலில் காயவைத்து, நவச்சாரத் தூளைத் தூவி, புகை எழும்பும்போதே உருகிய ஈயத்தைத் துணியால் சுழற்றித் தேய்க்க, செம்பின் சிவப்பு வெள்ளியாக மாறும்.

இங்கே மொழியே ஒரு குழப்பத்துக்கு வழிவிட்டிருக்கிறது. பூச்சுக்கு உரியது 232 பாகை செல்சியஸில் உருகும் வெள்ளீயம், அதாவது தகரத்தின் மூல உலோகம். காரீயமோ நஞ்சு, ஆனால் விலை குறைந்தது. இரண்டுக்கும் ஈயம் என்பதே பொதுப்பெயர் என்பதால், கலப்படம் நடந்தாலும் பெயரில் பொய் இல்லை.

வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் மணிகளில் கலப்படத்துக்கு இடமில்லை, அவை காரீயமே. 327 பாகையில் உருகிவிடும் உலோகம் என்பதால் அடுப்பும் இரும்புச் சட்டியும் இருந்தால் எந்தக் கரையிலும் அதை வார்த்துவிடலாம். பழைய பற்றரித் தகடுகளை உருக்கும்போது எழும் புகையும் தூளும்தான் ஆபத்து. கண்ணுக்கு இடும் மையான சுருமாவின் கதை இன்னும் நுட்பமானது. நபிமொழிகளில் சிறப்பித்துச் சொல்லப்படும் இஸ்மித் என்பது அஞ்சனக்கல், அதாவது ஆன்டிமனித் தாது என்றே பெரும்பாலும் பொருள் கொள்ளப்படுகிறது. ஆனால் கடைத்தெருவில் சுருமா என்று விற்கப்பட்டவற்றுள் பல, அதே கருமையும் மினுக்கமும் கொண்ட ஈய சல்பைடாக இருந்தன. ஈய நஞ்சேற்றத்துக்குக் கண்மையைக் காரணமாகக் காட்டிய மருத்துவக் குறிப்பு ஒன்று 1968இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது.

உடலுக்குள் போன ஈயம் சுண்ணாம்புச் சத்தைப் போல நடித்து எலும்பில் குடியேறுவதோடு, நொதிகளின் கந்தக முனைகளையும் பற்றிக்கொள்கிறது. அதைப் பிடித்துச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்துகளைக் கொடுக்கிணைப்பு மருந்துகள் எனலாம். 1920இல் மோர்கன், டுரூ என்னும் இரு வேதியியலாளர் இப்பிணைப்புக்குப் பெயரிட்டபோது நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே எடுத்துக்கொண்டனர். வலையில் சிக்கிய நண்டை விடுவித்துப் பழகியவருக்கு விளக்கம் வேண்டியதில்லை: ஒற்றைப் பிடியை உதறிவிடலாம், இரண்டு கொடுக்கும் சேர்ந்து கவ்வினால் உதறுவது கடினம்.

இம்மருந்துகளில் எதுவும் ஈயத்துக்கென்று பிறக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் விசித்திரம். லூயிசைட் என்ற ஆர்சனிக் போர்வாயுவுக்கு முறிவு மருந்தாக, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒக்ஸ்போர்டில் ருடொல்ஃப் பீற்றர்ஸின் குழுவினர் கண்டறிந்து, 1945வரை இரகசியமாக வைத்திருந்தது டைமெர்காப்ரோல். நிலக்கடலை எண்ணெயில் கரைத்துத் தசையில் ஆழமாக ஏற்றப்படும் அந்த ஊசி வலி மிகுந்தது, நாற்றமும் உடையது. இடிடிஏ, இறக்குமதியாகும் சிட்ரிக் அமிலத்துக்குப் பதிலாகச் சாயத் தொழிலில் நீரின் சுண்ணாம்பைக் கட்டுவதற்கென்று 1935இல் ஜேர்மனியில் ஃபெர்டினாண்ட் மியூன்ஸ் உருவாக்கியது. பென்சிலின் ஏற்றப்பட்ட நோயாளரின் சிறுநீரில் பெனிசிலமைனைக் கண்டிருந்த ஜோன் வோல்ஷ், 1956இல் அதையே செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு மருந்தாக்கினார்.

இடிடிஏ 1950களில் ஈய நஞ்சுக்கு வந்தபோது, கல்சியம் சேர்ந்த உப்பாகவே அதை ஏற்ற வேண்டும் என்பது தெரிந்திருந்தது. இல்லையேல் அது இரத்தத்தின் கல்சியத்தையே கவ்விவிடும். அவ்வளவு பழைய பாடம் இருந்தும், கல்சியம் சேராத உப்பை ஏற்றியதால் 2003க்கும் 2005க்கும் இடையில் அமெரிக்காவில் மூவர் இறந்தனர். மருந்தின் எல்லையையும் ஓர் ஆய்வு காட்டியது: 2001இல் வெளியான, 780 குழந்தைகளைக் கொண்ட அமெரிக்கச் சோதனையில் சக்சிமர் என்ற வாய்வழி மருந்து இரத்த ஈயத்தைக் குறைத்ததே தவிர, அவர்களது அறிவுத்திறன் தேர்வில் முன்னேற்றம் எதையும் தரவில்லை. எனவே 2002இல் இலங்கை ஈயம் கலந்த பெற்றோலைக் கைவிட்டது மருத்துவமனை செய்யக்கூடியதைவிடப் பெரிய வைத்தியம் என்று கொள்வது தவறாகாது.

இலங்கையில் இந்த மருந்துவகை வேரூன்றியது, சற்றும் எதிர்பாராத விதமாக, ஈயத்தால் அல்ல, இரும்பால். இரத்தச் சிவப்பணுக்கள் பிறவியிலேயே குறைப்பட்டிருக்கும் தலசீமியாவில் மாதந்தோறும் இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு வரும் இரும்பு வெளியேற வழியின்றி இதயத்திலும் ஈரலிலும் தேங்குகிறது. இங்கே நஞ்சின் மூலமே உயிர்காப்பு என்பதால் அதை நிறுத்த இயலாது, மருந்தும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். 2000இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, ஒரே காலத்தில் 2,000க்கும் மேற்பட்ட தலசீமியா நோயாளருக்கு இலங்கை சிகிச்சை அளிக்க வேண்டிவரும் என்று கணக்கிட்டது. குருநாகலில் இந்நோய்க்கெனத் தனி மையம் இயங்குகிறது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து சூரிச்சில் பிரித்தெடுக்கப்பட்ட டெஸ்ஃபெரொக்சமைன் என்ற இரும்புநீக்கி மருந்து, வயிற்றுத் தோலுக்கடியில் செருகிய ஊசி வழியாகச் சிறு பம்பினால் இரவில் எட்டுமுதல் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்தாறு நாள் சொட்டவேண்டியிருந்தது. 2005க்குப் பின் வந்த டெஃபெராசிரொக்ஸ் மாத்திரையை ஒரு குவளை நீரில் கரைத்து வெறும்வயிற்றில் குடித்தால் போதும்.