கந்துவட்டி நோட்டிலிருந்து சிபில் வரை: நம் நாணயத்தை யார் எழுதுகிறார்கள்?

இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தோழர்களே, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு உங்கள் கண்ணில் பட்டதா? ஸ்டேட் வங்கித் தேர்வில் வென்று பணி ஆணையும் பெற்ற ஒருவரின் நியமனத்தை வங்கி ரத்து செய்தது. அவர் பழைய கடன்களைத் தவணை தவறிக் கட்டியது சிபில் அறிக்கையில் இருந்தது என்பதே காரணம். வங்கி செய்தது சரி என்றது நீதிமன்றம். மூன்று தலைமுறை போராடி ஒரு வேலையின் வாசல்வரை வந்தால், அங்கே இப்படி ஓர் எண் நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வோம்.

நாணயம் என்றால் தமிழில் காசு. நாணயம் என்றால் நேர்மை. காசில்லாதவரிடம் நேர்மையும் இருக்காது என்று ஊர் முடிவுகட்டுவதற்கு இந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. சேரியில் இருப்பவரின் நாணயம் வட்டிக்காரர் நோட்டில்தான் எழுதப்பட்டது. எழுதியவரும் அவர், படித்தவரும் அவர், கூட்டிப் பெருக்கியவரும் அவர். நம்முடையது கைநாட்டு மட்டும்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை, சிறு கடன் எப்படி ஒரு குடும்பத்தையே பண்ணையில் கட்டிப்போட்டது என்பதைப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு வந்த பஞ்சமி நில ஆணைக்கு அதுவே அடிப்படை. அதே பத்தாண்டில் பிரடரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்துக்குக் கூட்டுறவுக் கடனைப் பரிந்துரைத்தார். 1904இல் சட்டம் வந்தது. ஆனால் ஜாமீன் சொல்ல ஆளும் அடகு வைக்க நிலமும் உள்ளவருக்குத்தான் அந்தக் கதவு எளிதாகத் திறந்தது. 1938இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த கடன் நிவாரணச் சட்டத்தைப் பாருங்கள். வேளாளரின் கடனைக் குறைத்த சட்டம் அது. வேளாளர் யார்? நிலத்தில் உரிமை உள்ளவர். அந்த நிலத்தில் இறங்கி நாற்று நட்ட கூலி அந்த வரையறைக்குள் வரவில்லை. கடனுக்காக உழைப்பைக் கட்டிப்போடுவது குற்றம் என்று நாடு முழுமைக்கும் சட்டம் வர 1976 ஆனது.

மதிப்பெண்ணின் கதை வேறு ஊரில் தொடங்குகிறது. 1841இல் நியூயார்க்கில் லூயிஸ் தப்பான் என்பவர் வணிகர்களின் நம்பகத்தன்மையை விசாரித்து எழுதி விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர் என்பது விசித்திரம்தான். ஏனென்றால் அவர் தொடங்கிய தொழிலின் பேரேடுகளில் ஆளின் குணமும் குடியும் இனமும் கூட எழுதப்பட்டன. அமெரிக்காவில் இனத்தையும் பாலினத்தையும் பார்த்துக் கடன் மறுப்பதை 1970களில்தான் சட்டம் தடுத்தது. குணத்தின் இடத்தில் கணக்கு வந்தது அந்தப் போராட்டங்களின் பின்னணியில்தான்.

இந்தியாவில் சிபில் 2000இல் தொடங்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005இல் வந்தது. மதிப்பெண் 300 முதல் 900 வரை. அதில் சாதி கேட்கும் கட்டம் இல்லை. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. உங்கள் தெருப் பெயரைக் கேட்டதும் முகம் மாறும் மேலாளரைவிட, தவணையை மட்டும் எண்ணும் கணினி ஒருபடி மேல்.

ஆனால் அந்தக் கணினி எழுதப்பட்டதை மட்டுமே படிக்கும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறியில் வாரக்கூலி வாங்கும் ஒரு பெண், தண்டல்காரருக்குப் பத்து வருடம் நாள் தவறாமல் கட்டியிருக்கலாம். அதில் ஒரு ரூபாய்கூட எங்கும் பதிவாகாது. 2003இல் தமிழ்நாடு அரசு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்த பிறகும் அந்த நோட்டு மூடவில்லை. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் இரண்டு குழந்தைகளோடு தீக்குளித்த குடும்பம், வாங்கியதற்கு மேலேயே கட்டிவிட்டோம் என்று மனு மேல் மனு கொடுத்திருந்தது. கட்டியதற்குச் சாட்சியாக எந்தப் பேரேடும் அவர்களிடம் இல்லை.

அதே பெண் மகளிர் குழுவில் மைக்ரோ பைனான்ஸ் கடன் வாங்கினால், அது அவர் பெயரில் தனியாகப் பதிவாகிறது. பக்கத்து வீட்டு அக்காவின் தவணையைக் குழுவே சேர்ந்து கட்டியதெல்லாம் அதில் தெரியாது. இவர் தவறிய ஒரு தவணை தெரியும்.

அதனால் முதல் வேலை, அந்தப் பேரேட்டை நாமே திறந்து படிப்பது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இணையத்திலேயே எடுக்கலாம்; உங்களுக்கும், அப்பா அம்மாவுக்கும். கல்விக்கடனில் பெற்றோரும் கடன்தாரர்கள் என்பதால் தவணை தவறினால் இருவர் பெயரும் கெடும். நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டாலும் அதே கதைதான். பாதித் தொகை கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று வசூல்காரர் சொன்னால் யோசியுங்கள்: முழுதாகக் கட்டிய கடன் "முடிந்தது" என்றும், இப்படி முடித்தது "செட்டில்டு" என்றும் பதிவாகும். பின்னதை அடுத்த வங்கி நல்ல கண்ணோடு பார்க்காது. கிரெடிட் கார்டு இருந்தால் வரம்பில் முப்பது சதவீதத்துக்குள் செலவு நிற்கட்டும்.

வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

தாட்கோ கடனுக்கோ தொழில் கடனுக்கோ போகும்போது, "உனக்கு சிபிலே இல்லையே" என்று திருப்பி அனுப்புகிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. முதன்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலேயே நிதி அமைச்சகம் சொன்னது. மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.