சேது என்னும் ஈரெழுத்து

மண்வெட்டியிற் பட்டு மேலெழும் பச்சை படர்ந்த செப்புக் காசைக் கண்டதும் நம்மவர் கை முதலில் நாடுவது பழப்புளியை. குத்துவிளக்கைத் துலக்கும் புளி காசையும் துலக்காதோ என்பது எண்ணம். துலக்கும், ஆனால், துலங்கி வருவது பெரும்பாலும் எழுத்திழந்த வெறுஞ் செம்புத் தகடு.

காரணம் இது. பல நூற்றாண்டு ஈரமண்ணிற் கிடந்த செம்பின் மேற்பகுதி களிம்பாக மாறிவிடுகின்றது. பழைய உருவமும் எழுத்தும் அக்களிம்புப் படையிலேதான் எஞ்சி நிற்கும். செம்பிற் களிம்பை ஆணவ மலத்துக்கு உவமை கூறுவர் சித்தாந்திகள். அங்கே களிம்பு மறைப்பது. இங்கோ களிம்பே காத்து நிற்பது! புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளை துலக்கும் எண்ணெய் யாவும் அந்தப் படையைக் கரைத்தோ தேய்த்தோ போக்கிவிடும்.

ஓர் எழுத்துப் போனால் என்ன என்பீர்களாயின், யாழ்ப்பாணத்து மன்னரின் காசுகளை நோக்குக. ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் ‘சேது’ என்னும் ஈரெழுத்து. இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று முன்னர்ச் சிலர் கொண்டனர். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுடையவை என்பதற்குச் சான்று தந்தவற்றுள் ஒன்று, நம் கேகாலை மாவட்டத்துக் கோட்டகமக் கல்வெட்டு. எச். சி. பி. பெல் 1892இல் வெளிவந்த தம் கேகாலை மாவட்ட அறிக்கையில் இடந்தந்த இத்தமிழ்க் கல், சிங்கைநகர் ஆரியனின் வெற்றியை வெண்பாவாற் கூறுவது. அதன் தொடக்கத்திலும் அதே ‘சேது’. அதன் காலம் 14ஆம் நூற்றாண்டென்பாரும் 15ஆம் நூற்றாண்டென்பாரும் உளர். கல் இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. காசில் அவ்விரண்டெழுத்தும் தேய்ந்திருப்பின் கல்லோடு அதனை ஒப்பிட வழியேது?

மனிதன் நிற்கும் காசெல்லாம் யாழ்ப்பாணத்ததன்று. முதலாம் இராசராசனின் ஈழக் காசிலும், அதனைப் பின்பற்றிய பொலன்னறுவை மன்னரின் மாசைக் காசிலும் ஒருபுறம் அவ்வாறே ஒருவன் நிற்பான். திருப்பினால் நந்திக்குப் பதிலாக அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தும் காணப்படும். பராக்கிரமபாகுவா, மும்முறை அரசாண்ட லீலாவதியா, 1200இல் அரியணையேறிய சாகசமல்லனா என்பதை உரைப்பது அவ்வெழுத்து ஒன்றே. உருவத்தைக் கொண்டு பிரித்தறிவது அரிது. தெளியாத காசைக் கழுவ வேண்டா. எடை, விட்டம் குறித்து, இருட்டறையிற் பக்கவாட்டாக விளக்கொளி பாய்ச்சி, வில்லைக் கண்ணாடியால் திருப்பித் திருப்பி நோக்குக. நிழல் விழுமிடத்தில் எழுத்து எழும்.

கடும்பச்சைக் களிம்பு பெரும்பாலும் தீங்கற்றது. அஞ்ச வேண்டியது, புள்ளி புள்ளியாய் மாவுபோல் உதிரும் வெளிர்பச்சை. உள்ளிருக்கும் குளோரைட்டு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செம்பை மேன்மேலும் அரிக்கும் நோய் அது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரியில் அது விரைவிற் பரவுமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆய்கூடத்தில் உருப்பெருக்கியின் கீழ் ஊசி முனையால் மண்ணகற்றி, குளோரைட்டை நீக்கி, பென்சோட்ரையசோல் கரைசலில் இட்டு, மெல்லிய பிசின் பூசிக் காப்பர். நம்மாற் கூடுவது, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்துத் தாமதமின்றி ஒப்படைப்பதே.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, அநுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றம். உலோகங்காட்டும் கருவி ஏந்தித் திரிவோர் இதனை மறத்தலாகாது. கான் வெட்டும்போது தற்செயலாய் அகப்பட்டதாயினும் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். கோட்டகமக் கல் நின்ற கேகாலை மண்ணில் ஒரு சேதுக் காசு கிடைத்தால் அது வரலாற்றுச் சான்று. அதே காசு இடமறியாது கொழும்புக் கடைக்குப் போனால் வெறும் விலைப்பொருள். ஆகவே எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் மலை, எத்தனை அடி ஆழம், உடன் கிடந்த ஓடு, கரி யாவை என்பவற்றை அன்றைக்கே ஒரு கடதாசியில் எழுதி, ஒட்டியிருந்த மண்ணோடு அந்தப் பெட்டியிலேயே வைத்துவிடுக.