யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறை

திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தைச் சேர்ந்த துறை. நான்காண்டுச் சட்டமாணிப் பட்டத்தை வழங்குகிறது. பல்கலைக்கழகம் 1974இல், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில் தொடங்கியது. இராமநாதன் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த சட்டவல்லுநர். ஆனாலும் அந்த மண்ணில் சட்டப்படிப்பு வர வெகுகாலம் பிடித்தது. அதுவரை சட்டம் படிக்க விரும்பியவர்களுக்குக் கொழும்பே கதி.

மாணவர் அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைக் கொண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக நடைபெறும். பட்டம் மட்டும் ஒருவரைச் சட்டத்தரணியாக்காது. 1874இல் தோன்றிய இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளையும் தொழிற்பயிலுநர் காலத்தையும் முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும்.

சட்டக் கல்விக்கு இந்த ஊர் தரும் தனிச்சரக்கு தேசவழமை. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் தொகுத்த இவ்வழக்காற்றுச் சட்டம், ஆங்கிலேயரின் 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் நிலைபெற்றது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பாகுபாடு வடபகுதிக் காணி உறுதிகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவும் கணவன் சம்மதம் வேண்டும் என்ற விதி கடும் விமர்சனத்துக்கு உள்ளானது, அவ்விமர்சனம் நியாயமானதே. பங்குக் காணியை வெளியாருக்கு விற்குமுன் சகபங்காளிக்கு அறிவிக்கும் கடப்பாட்டை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரையறுக்கிறது.