டி.எஸ்.ஆர்.-2: நடக்காத வரலாற்றை ஒட்டிப் பார்ப்பவர்கள்

மேசை மேல் சுமார் 38 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் போர் விமானம். உடம்பு முழுக்க வெளிறிய இளஞ்சிவப்பு. 1991 வளைகுடாப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை தன் டொர்னாடோ, ஜாகுவார், புக்கனீர் விமானங்களுக்குப் பூசிய அதே பாலைவன வண்ணம். இறக்கைக்கு அடியில் குண்டுகள். விமானி அறைக்குக் கீழே, எத்தனை முறை குண்டு வீசியது என்பதற்கான சின்னச் சின்னக் குறிகள். எல்லாம் கச்சிதம். ஒரே ஒரு சிக்கல்தான். இந்த விமானம் அந்தப் போருக்குப் போகவே இல்லை. 1965-லேயே ரத்து செய்யப்பட்டுவிட்டது!

இது செய்தவரின் அறியாமை அல்ல. வேண்டுமென்றே செய்தது. பிளாஸ்டிக் மாடல் கட்டுபவர்களில் ஒரு பிரிவினருக்கு இதுதான் பொழுதுபோக்கு. "ஒருவேளை இப்படி நடந்திருந்தால்?" என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, பசையும் வண்ணமும் கொண்டு பதில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'வாட் இஃப்' மாடல் என்று பெயர். அவர்களுக்கு மிகவும் பிடித்த விமானங்களில் ஒன்று பிரிட்டனின் டி.எஸ்.ஆர்.-2. ஏன் என்று பார்க்க, முதலில் நடந்த கதையைப் பார்க்க வேண்டும்.

நடந்தது என்ன?

1957-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். இனி ஏவுகணைகளின் காலம், விமானி ஓட்டும் புதிய போர் விமானங்கள் பெரும்பாலும் தேவையில்லை என்பது அதன் சாரம். பல திட்டங்கள் அதில் அடிபட்டன. தப்பிப் பிழைத்த கனவுகளில் ஒன்று: கான்பெரா குண்டுவீச்சு விமானத்துக்கு மாற்றாக, ரேடார் கண்ணில் படாமல் தரையை ஒட்டி ஒலியின் வேகத்தில் பறந்து தாக்கவும் வேவு பார்க்கவும் கூடிய ஒரு விமானம். அதுவே டி.எஸ்.ஆர்.-2 ஆனது.

1964 செப்டம்பர் 27 அன்று ரோலண்ட் பீமாண்ட் அதை முதன்முதலாக வானில் ஏற்றினார். தொடக்கம் சுமுகமாக இல்லை. எஞ்சின்களில் கோளாறு. பறந்த பிறகு சக்கரங்கள் ஒழுங்காக உள்ளே மடங்கவில்லை. பத்தாவது பறத்தலில்தான் அது சரியானது. தரையிறங்கும்போது ஏற்பட்ட கடும் அதிர்வு விமானிகளைக் கலங்கடித்தது. ஆனால் 1965 பிப்ரவரி 22 அன்று அதன் உண்மையான பலம் தெரிந்தது. ஒரே ஒரு எஞ்சினின் ஆஃப்டர்பர்னரை மட்டும் போட்டார் பீமாண்ட். கூடவே பறந்து வந்த லைட்னிங் போர் விமானம், அந்தக் கால பிரிட்டனின் அதிவேகப் பறவை, பின்தங்கிவிட்டது!

ஆறே வாரங்களில் எல்லாம் முடிந்தது. 1965 ஏப்ரல் 6. பட்ஜெட் உரையிலேயே நிதியமைச்சர் ஜேம்ஸ் காலகன் ரத்து அறிவிப்பை வெளியிட்டார். இரண்டாவது விமானம் எக்ஸ்.ஆர்.220 அன்றுதான் முதல்முறை பறப்பதாக இருந்தது. பறக்கவில்லை. மொத்தக் கணக்கு: ஒரே விமானம், 24 பறத்தல்கள், சுமார் 13 மணி நேரம். அவ்வளவுதான். தொழிற்சாலையில் இருந்த தயாரிப்புச் சட்டகங்கள் நொறுக்கப்பட்டன. பாதி கட்டி முடித்த விமானங்கள் வெட்டப்பட்டன. அவற்றைக் கட்டிய தொழிலாளர்களின் கண் முன்னேதான் இது நடந்தது. பறந்த அந்த ஒரே விமானமும் ஷூபரினெஸ் என்ற இடத்துக்குக் கொண்டு போகப்பட்டு, குண்டடி பட்டால் என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனை இலக்காக முடிந்தது.

இந்த முடிவுதான் மாடல் கட்டுபவர்களை இழுக்கிறது. மோசமான விமானமாக இருந்து தோற்றிருந்தால் மறந்திருப்பார்கள். நன்றாக ஓடத் தொடங்கிய நேரத்தில் நிறுத்தப்பட்டதால் மனசு ஆறவில்லை.

பெட்டிக்குள் வந்த வரலாறு

ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 2000-களின் நடுவில் 1:72 அளவிலும், 2009-இல் 1:48 அளவிலும் டி.எஸ்.ஆர்.-2 கிட்டைக் கொண்டு வந்தது. அதற்கு முன்பே, 2003-இல் வந்த ஸ்ட்ராடோஸ் 4 என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில், பூமியை நோக்கி வரும் வால்நட்சத்திரங்களைத் தடுக்கப் பறக்கும் விமானமாக டி.எஸ்.ஆர்.-2 வந்துவிட்டது. ரத்தான பிரிட்டிஷ் விமானத்துக்கு ஜப்பானில் ஒரு மறுபிறவி!

கிட்டில் சொன்னபடி கட்டினால் கிடைப்பது வெள்ளை நிற சோதனை விமானம். அணுகுண்டு வெடிக்கும்போது வரும் வெப்ப ஒளியைத் திருப்பி அனுப்பத்தான் அந்த வெள்ளை. வாட் இஃப் கட்டுபவர் அங்கே நிற்பதில்லை. அவர் முதலில் ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுப்பார். வருடம் முடிவானால் மற்றதெல்லாம் தானாக வரும்.

1968 என்றால் வெள்ளை போய்விடும். தாழ்வாகப் பறக்கும் விமானம் வெள்ளையாக இருந்தால் மேலிருந்து பார்ப்பவனுக்குப் பளிச்சென்று தெரியும். வல்கன் குண்டுவீச்சு விமானங்களே 1964 முதல் பச்சை-சாம்பல் மறைப்பு நிறத்துக்கு மாறின. 1970-களின் நடுப்பகுதி என்றால் இறக்கையில் உள்ள வட்டச் சின்னத்தில் வெள்ளை வளையம் இருக்கக் கூடாது. சிவப்பும் நீலமும் மட்டும். வால் உச்சியில் எதிரி ரேடாரைக் கண்டுபிடிக்கும் கருவிக்கான சின்னப் பெட்டி ஒன்று வேண்டும். அந்தக் காலத்து பாண்டம், புக்கனீர், ஜாகுவார் மூன்றிலும் அது உண்டு. பிளாஸ்டிக் துண்டை வெட்டி, புட்டி வைத்து, தேய்த்துச் செய்துவிடலாம். 1991 என்றால் இளஞ்சிவப்பு, அதுவும் கழுவினால் போகும் தற்காலிக வண்ணம் என்பதால் அங்கங்கே தேய்ந்து அடியில் பழைய பச்சை தெரிய வேண்டும்.

ஆக, கற்பனை விமானம் கட்டுபவருக்கு உண்மை வரலாறு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். நிஜ விமானத்தைக் கட்டுபவர் ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் செய்துவிடலாம். இவருக்குப் புகைப்படமே கிடையாது!

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1991 விமானத்துக்கான மின்னணுப் போர்ப் பெட்டிகள், எழுத்துகள், எண்கள் எல்லாம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் மிச்சம் கிடக்கும் டொர்னாடோ கிட்டிலிருந்து. ஆனால் டி.எஸ்.ஆர்.-2 நிலைத்திருந்தால் பிரிட்டன் மேற்கு ஜெர்மனியோடும் இத்தாலியோடும் சேர்ந்து டொர்னாடோவைச் செய்திருக்குமா? விமானப்படை ஒரு காலத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய கடற்படையின் புக்கனீரை 1969-இல் ஏற்றிருக்குமா? ஒன்று பிறந்தால் இன்னொன்று பிறந்திருக்காது. மாடலில் ஒட்டிய பாகமே மாடலைக் கேள்வி கேட்கிறது.

இரண்டாவது கத்தி

பலர் தவறவிடும் இடம் இதுதான். "1965-இல் ரத்து செய்யாமல் இருந்திருந்தால்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வண்ணம் பூசத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் வரலாற்றில் கத்தி ஒன்றல்ல, இரண்டு.

டி.எஸ்.ஆர்.-2-க்குப் பதிலாக பிரிட்டன் அமெரிக்காவின் எஃப்-111 விமானங்கள் 50 வாங்க முடிவு செய்தது. அவை என்ன ஆயின? 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைக்கப்பட்டது. 1968 ஜனவரியில் பிரதமர் ஹரால்ட் வில்சன் சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். கூடவே எஃப்-111 கொள்முதலும் ரத்து. அதாவது, மலிவாக முடியும் என்று நம்பி வாங்கிய மாற்று விமானமே மூன்று வருடத்துக்குள் வெட்டப்பட்டது. அப்படியிருக்க, டி.எஸ்.ஆர்.-2 மட்டும் 1968-இல் தப்பியிருக்கும் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்த 24 பறத்தல்களும் விமானம் எப்படிப் பறக்கிறது என்பதைத்தான் சோதித்தன. இலக்கைக் கண்டுபிடித்துத் தாக்க வேண்டிய சிக்கலான மின்னணுக் கருவிகள் அந்த விமானத்தில் பறந்து பார்க்கப்படவே இல்லை. செலவு அதிகம் பிடிக்கும் பகுதி இனிமேல்தான் வரவிருந்தது. "பொறாமையால் கொன்றுவிட்டார்கள்", "அமெரிக்கா கழுத்தை நெரித்துவிட்டது" என்ற கதைகள் கேட்கச் சுவையாக இருக்கும். கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது.

அப்படியானால் டி.எஸ்.ஆர்.-2 பிழைக்க வழியே இல்லையா? ஒரு வழி இருந்திருக்கலாம். அதைக் காட்டுவது இன்னொரு விமானம்: கான்கார்டு. ஏறக்குறைய அதே காலம், அதே வில்சன் அரசு, எஞ்சினும் அதே ஒலிம்பஸ் குடும்பம். கான்கார்டையும் நிறுத்தத்தான் 1964-இல் அந்த அரசு விரும்பியது. முடியவில்லை. 1962-இல் பிரான்ஸுடன் போட்ட ஒப்பந்தத்தில் விலகிக்கொள்ள வழி வைக்கவில்லை! இன்னொரு நாட்டுக்குக் கொடுத்த வாக்கு அந்த விமானத்தைக் காப்பாற்றியது.

டி.எஸ்.ஆர்.-2-க்கு அப்படி ஒரு கூட்டாளி கிடைக்கும் வாய்ப்பு இருந்தது. ஆஸ்திரேலியா. ஆனால் பிரிட்டிஷ் ராணுவத் தலைமைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. முப்படைகளின் தலைமைப் பொறுப்பில் இருந்த மவுண்ட்பேட்டனே புக்கனீரைத்தான் ஆதரித்தார். 1963 அக்டோபரில் ஆஸ்திரேலியா எஃப்-111-ஐத் தேர்ந்தெடுத்தது. அந்த 24 விமானங்கள் வந்து சேர்ந்ததோ 1973-இல். இடையில் மூன்று வருடங்கள் பாண்டம் விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்ட வேண்டியிருந்தது. 2010 வரை அவர்கள் எஃப்-111-ஐப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

ஆகவே நேர்மையான டி.எஸ்.ஆர்.-2 வாட் இஃப் மாடல் வளைகுடாவின் இளஞ்சிவப்பில் தொடங்காது. அதன் இறக்கையில் கங்காரு இருக்கும்! 1963-இல் கான்பெரா நகரில் ஒரு கையெழுத்து மாறியிருந்தால், 1965-இல் லண்டனில் கை தயங்கியிருக்கலாம். 1968-லும் தயங்கியிருக்கலாம். நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இது ஏக்கம் அல்ல, காரணத்தோடு கூடிய ஊகம்.

விளையாட்டா, வரலாறா?

"நடக்காததைப் பற்றிப் பேசி என்ன பயன்?" என்று வரலாற்று ஆசிரியர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு விஷயம் நடந்ததற்குக் காரணம் இது என்று சொல்லும்போதே, அந்தக் காரணம் இல்லாவிட்டால் நடந்திருக்காது என்றும் மறைமுகமாகச் சொல்கிறோம். வாட் இஃப் மாடல் கட்டுபவர் அதை வெளிப்படையாகச் செய்கிறார். ஒரே ஒரு ஆணியைப் பிடுங்கிவிட்டு, மற்றதெல்லாம் எங்கே சாய்கிறது என்று பார்க்கிறார். பத்து ஆணிகளைப் பிடுங்கினால் அது வெறும் ஆசை. ஒன்றை மட்டும் பிடுங்கினால் அது ஆராய்ச்சி.

நிஜ டி.எஸ்.ஆர்.-2-களில் இரண்டு மிஞ்சின. எக்ஸ்.ஆர்.220 காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்திலும், எக்ஸ்.ஆர்.222 டக்ஸ்ஃபோர்டிலும் வெள்ளை நிறத்தில் நிற்கின்றன. இரண்டும் ஒருநாள்கூடப் பறந்ததில்லை. பறந்த ஒன்று மிஞ்சவில்லை. மிஞ்சியவை பறக்கவில்லை. நடுவில் உள்ள அந்த வெற்றிடத்தைத்தான் யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டிருக்கிறார்.